டேப் டிரைவ் நின்று நின்று ஓடுவது பற்றி

சின்னச் சின்னப் படக் கோப்புகளை நேராக டேப்புக்கு (தரவைச் சேமிக்கும் காந்த நாடா) அனுப்பினால் நொடிக்கு 20 எம்பிதான் வருகிறது, டிரைவ் முன்னும் பின்னும் ஓடிச் சத்தம் போடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டிரைவ் கெட்டுப்போகவில்லை, தரவு கிடைக்காமல் பட்டினி கிடக்கிறது. எல்டிஓ-6 வகை டேப் டிரைவ் நொடிக்கு 160 எம்பி எழுதக்கூடியது. தரவு தாமதமானால் ஓரளவு வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதற்கும் கீழே போனால் டேப்பை நிறுத்தி, பின்னுக்குச் சுற்றி, விட்ட இடத்தைப் பிடித்து மறுபடி எழுதும். இதில் டேப்பும் தேயும், அதில் எழுதும் ஹெட்டும் தேயும்.

அதனால் முதலில் எல்லாப் படங்களையும் எஸ்எஸ்டியில் (வேகமான சேமிப்பு வட்டு) ஒரே டார் கோப்பாக, அதாவது பல கோப்புகளைச் சேர்த்த ஒரே பெரிய கோப்பாகக் கட்டுங்கள், அப்புறம் டேப்பில் எழுதுங்கள், தரவு தடையில்லாமல் போகும். இடம் போதாதென்றால் 100 ஜிபி துண்டுகளாகச் செய்யலாம். சரி, ஹெட்டைச் சுத்தம் செய்யும் க்ளீனிங் டேப்பை மட்டும் சும்மா சும்மா போடாதீர்கள். டிரைவ் கேட்டால் போதும்.