ஒரே உலை, இரண்டு தட்டு: தம்பதியர் உணவு குறித்த கேள்வி பதில்

கணவனுக்கு ஒரு கட்டுப்பாடு, மனைவிக்கு வேறொரு கட்டுப்பாடு என்ற நிலையில் உள்ள வடசென்னைக் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, உணவு ஆலோசகர் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன். மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் பொறுப்பு. அடுப்பிலும் தட்டிலும் என்ன செய்யலாம் என்பதை மட்டுமே நான் சொல்கிறேன்.

திருவொற்றியூர் வாசகி: என் கணவருக்கு 52 வயது, சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். எனக்கு எடை 41 கிலோதான், இரத்தச்சோகையும் இருக்கிறது. அவர் சோற்றைக் குறைக்க வேண்டும், நான் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். தினமும் இரண்டு சமையல் செய்து ஓய்ந்துபோகிறேன், அம்மா.

பதில்: இரண்டு சமையல் தேவையில்லை, சகோதரி. சோறு, சாம்பார், பொரியல், மீன் குழம்பு எல்லாம் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பரிமாறும் அளவும் வரிசையும்தான் மாற வேண்டும். அவர் தட்டில் பாதியைக் காயும் கீரையும், கால் பங்கைப் பருப்பு, முட்டை அல்லது மீன், மீதிக் கால் பங்கைச் சோறு நிரப்பட்டும். முதலில் பொரியலையும் மீனையும் வைத்து, அவர் அதில் பாதியைச் சாப்பிட்ட பிறகு சோற்றை வையுங்கள். சோற்றுக்கு எப்போதும் ஒரே குழிக்கரண்டியைப் பயன்படுத்துங்கள், கரண்டி மாறினால் கணக்கும் மாறிவிடும். சாம்பாரில் மேலே தெளிந்து நிற்பதை ஊற்றாமல், அடியில் தங்கிய பருப்பைக் கலக்கி அள்ளி ஊற்றுங்கள்.

உங்கள் தட்டில் அதே உணவுடன் இன்னொரு கரண்டி சோறு, ஒரு தேக்கரண்டி நெய், தினமும் ஒரு முட்டை, மாலையில் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை ஆகியவை சேரட்டும். முருங்கைக்கீரைப் பொரியலை இறக்கியதும் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளுங்கள். கீரையில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர வைட்டமின் சி துணைசெய்யும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள், ஏனெனில் டீ அந்த இரும்பை முழுமையாகச் சேரவிடாது. ஆட்டு ஈரல் சாப்பிடுவீர்கள் என்றால் வாரம் ஒருமுறை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கோ குடற்புழுவோ இருந்தால் உணவு மட்டும் போதாது. இரத்தம் ஏன் குறைந்தது என்பதை மருத்துவரிடம் கேட்டறிவது அவசியம்.

இன்னொன்று. சர்க்கரை மாத்திரைகளில் சில, சாப்பாடு தாமதமானால் சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து அவருக்குக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைப் பரிசோதியுங்கள். அவர் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

காசிமேடு வாசகர்: எனக்கும் சர்க்கரை இருக்கிறது. சோற்றை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழ் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் அளவுக்கு உண்டு என்றால், கேழ்வரகிலும் 70 கிராம் வரை உண்டு. கேழ்வரகின் சிறப்பு அதிலுள்ள நார்ச்சத்தும், நூறு கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச்சத்தும்தான். நைசாக அரைத்துக் காய்ச்சிக் கூழாகக் குடித்தால் சர்க்கரை விரைவாக ஏறும். முருங்கைக்கீரையும் வெங்காயமும் சேர்த்துத் தட்டிய அடையாக ஒரு வேளை சாப்பிடுங்கள். ஆடி மாதத்தில் கோயில் கூழ் கிடைத்தால் ஒரு சிறு குவளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இராயபுரம் வாசகி: அவருக்கு இரத்த அழுத்தம். எனக்கு எந்தக் குறையும் இல்லை, ஆனால் கருவாடு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. என்ன செய்வது?

பதில்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. இந்த வரம்பு அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் உரியது. குழம்பில் வழக்கமான உப்பில் பாதியைப் போட்டு, புளி, மிளகு, பூண்டு, கறிவேப்பிலை ஆகியவற்றால் சுவையைத் தூக்குங்கள். தேவைப்பட்டால் நீங்கள் உங்கள் தட்டில் சிறிது சேர்த்துக்கொள்ளலாம். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டினால் உப்பு ஓரளவு குறையும், முழுவதும் போகாது. எனவே அது உங்களுக்கு எப்போதாவது ஒரு துண்டு என்று இருக்கட்டும், அவருக்கு வேண்டாம். அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய் மூன்றும் அவர் தட்டுக்கு வரக்கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும்போதுதான் நம் பகுதி வீடுகளில் கருவாடு அதிகம் புழங்குகிறது. அந்த இரண்டு மாதங்களில் நாட்டுப்படகு மீன் கிடைக்கும் நாளில் அதை வாங்குங்கள். மற்ற நாட்களில் முட்டைக் குழம்பும் மொச்சைக் குழம்பும் கைகொடுக்கும். கடைகளில் விற்கும் குறைந்த சோடியம் உப்பை நீங்களாக வாங்கிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் சேர்ந்திருக்கிறது. சில இரத்த அழுத்த மாத்திரைகளோடு அது சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு உயரும்.

கொடுங்கையூர் வாசகர்: என் மனைவிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. எனக்குச் சர்க்கரை. எனக்கு நல்லது என்று சொல்லும் கீரை, பயறு, முழுத்தானியம் எதுவும் அவளுக்குக் கூடாது என்கிறார்கள்.

பதில்: ஐயா, இங்கு வந்தவற்றுள் மிகவும் கடினமான கேள்வி இதுதான். உங்கள் உணவை அவருக்கு ஏற்றாற்போல் வளைப்பது எளிது, அவருடைய உணவை உங்களுக்காக வளைப்பது ஆபத்து. ஆகவே சமையலை அவருக்காகச் செய்துவிட்டு, உங்களுக்கு வேண்டியதைப் பக்கத்தில் கூட்டிக்கொள்ளுங்கள். சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், கோவைக்காய், முட்டைக்கோஸ் ஆகியவை இருவருக்கும் பொருந்தும். காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிய பிறகு தாளித்தால், பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பொட்டாசியத்தின் ஒரு பகுதி காயிலிருந்து வெளியேறிவிடும். குக்கரில் தண்ணீர் வடிக்காமல் வேகவைத்தால் அது காயிலேயே தங்கிவிடும்.

டயாலிசிஸ் தொடங்கியபின் புரதம் குறையக்கூடாது என்பதைப் பலர் அறிவதில்லை. முன்பு புரதத்தைக் குறைக்கச் சொன்னார்களே என்று அதே பத்தியத்தைத் தொடர்ந்து உடல் மெலிந்துபோகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது. பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். முட்டை வெள்ளைக்கரு, புதிய மீன், தோலில்லாத கோழி ஆகியவை அதற்கு உகந்தவை. இவை உங்களுக்கும் நல்லவை. உங்கள் கீரையும் பயறும் தனிக் கிண்ணத்தில் உங்களுக்கு மட்டும் இருக்கட்டும். இளநீர், குறைந்த சோடியம் உப்பு, நட்சத்திரப் பழம் ஆகிய மூன்றையும் அவர் அறவே தொடக்கூடாது. நட்சத்திரப் பழம் சிறுநீரகம் பழுதானவர்களின் மூளையைத் தாக்கும். அவர் குடிக்கவேண்டிய தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வையுங்கள். மோர், காபி, ரசம் எதைக் குடித்தாலும் அந்த அளவுக்குத் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து வெளியே ஊற்றிவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் பொட்டாசியம், பாஸ்பரஸ் முடிவுகளைப் பார்த்து, டயாலிசிஸ் செய்யும் இடத்திலேயே இந்த அளவுகளைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் வாசகி: நான் சைவம், கணவர் அசைவம். சினைப்பை நீர்க்கட்டிக்காக இரண்டு ஆண்டுகளாக மெட்பார்மின் மாத்திரை எடுக்கிறேன். எனக்குப் புரதம் போதுமா?

பதில்: வெங்காயம், தக்காளி, புளி சேர்ந்த குழம்பைக் கொதிக்கவைத்து இரண்டாகப் பிரியுங்கள், ஒன்றில் கொண்டைக்கடலையும் கத்தரிக்காயும், மற்றதில் மீனும் போகட்டும். கரண்டியும் பாத்திரமும் தனியாக இருப்பது உங்கள் மனநிறைவுக்கு அவசியம் என்றால் அதைக் கணவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். புரதத் தேவை கிலோவுக்கு ஏறத்தாழ 0.83 கிராம், ஒவ்வொரு வேளையும் பருப்பு, பயறு, தயிர், பன்னீர் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் எட்டிவிடலாம். பி12 வைட்டமின்தான் எனக்குக் கவலை தருகிறது. சைவ உணவில் அது பால், தயிர், பன்னீர் போன்ற பால் பொருட்களில்தான் ஓரளவு கிடைக்கிறது, நீண்டநாள் எடுக்கும் மெட்பார்மின் அதை மேலும் குறைக்கக்கூடும். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகி: எலும்புக்கு நல்லது என்று நெத்திலியும் மத்தியும் வாங்குகிறேன். கணவருக்கு யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்குகிறது.

பதில்: உங்களுக்கு நல்ல மீன்கள்தாம்; அவருக்கு அந்த இரண்டும் ஈரலும் பீரும் ஆகாதவை. முட்டை, பால், தயிர் அவருக்குப் பாதுகாப்பானவை. குழம்பில் மீனைப் போடுவதற்கு முன்பே அவர் பங்கைத் தனியாக எடுத்து, அவித்த முட்டையை அதில் போடுங்கள். மீன் வெந்தபின் எடுத்தால், உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் குழம்பிலேயே இறங்கியிருக்கும்.

தண்டையார்பேட்டை வாசகர்: மனைவிக்குத் தைராய்டு மாத்திரை. காலையில் இருவரும் சேர்ந்து காபி குடிப்பது வழக்கம்.

பதில்: அவர் எழுந்ததும் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுக்கொள்ளட்டும், ஒரு மணி நேரம் கழித்துச் சேர்ந்தே குடியுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை.

வியாசர்பாடி வாசகி: ஞாயிறு மாலை இருவரும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிடப் போவோம். எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. இனிப் போகக்கூடாதா?

பதில்: தாராளமாகப் போங்கள், அம்மா. ஒரு தட்டு அத்தோவை இருவரும் பகிர்ந்துகொண்டு, முட்டைக்கோஸ் கூடுதலாகவும் மேலே நொறுக்கித் தூவும் பொரித்த பேஜோ குறைவாகவும் போடச் சொல்லுங்கள். ஆளுக்கொரு மசாலா முட்டையும் வாழைத்தண்டு சூப்பும் வாங்கிக்கொண்டால் வயிறு நிறையும். அன்றிரவு வீட்டில் உங்களுக்குச் சோறு வேண்டாம், ஆனால் சாப்பிடாமல் போட்டால் சில மாத்திரைகள் சர்க்கரையைத் தாழ்த்திவிடும் என்பதால், அன்றைய மாத்திரையை எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.