நேர்ந்ததை மாற்றலாமா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: மகன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, பிழைத்தால் ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக அம்மா நேர்ந்துகொண்டார். இப்போது மூட்டு தேய்ந்துவிட்டது. பேருந்தில் போனால் மகனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அழுகிறார். என்ன செய்வது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் அம்மா என்னதான் சொன்னார் என்று கேளுங்கள். "நடந்து வந்தால் நன்றாக இருக்கும் தாயே" என்று ஏங்கியது நேர்ச்சையாகாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் (1983, எண் 1191) நேர்ச்சை என்று ஒப்புக்கொள்வது, யோசித்து, சுதந்திரமாக, நம்மால் முடிகிற ஒரு மேலான நன்மையைக் கடவுளுக்கு வாக்களிப்பதைத்தான். பலர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். பயத்தில் நேர்ந்தது செல்லாது என்று தாங்களே முடிவுகட்டிவிடுகிறார்கள். நேர்ச்சையைச் செல்லாததாக்குவது கடுமையான, அதுவும் அநியாயமான அச்சமும் வஞ்சகமும்தான். அதாவது ஒருவர் மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய வாக்கு. பிள்ளை நோயில் கிடந்த பயம் அதில் சேராது.

ஆகவே அம்மா வாக்களித்தே இருந்தால் அந்த நேர்ச்சை உண்மையானதுதான். ஆனால் அதற்குக் கதவும் உண்டு. வாக்களித்த காரியம் அடிப்படையிலேயே மாறிப்போனால் நேர்ச்சை முடிந்துவிடும் (எண் 1194). மாறியதா இல்லையா என்று வீட்டில் வாதாட வேண்டாம்; உங்கள் கோயிலின் பொறுப்புக் குருவான பங்குத்தந்தையிடம் போங்கள். நியாயமான காரணம் இருந்து, அதனால் வேறொருவர் உரிமை கெடாது என்றால், தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்க அவருக்கே அதிகாரம் உண்டு (எண் 1196). ஆயர் வரை போக வேண்டியதில்லை.

பூசை முடிந்த நெரிசலில் கேட்காமல், தனியாகப் பத்து நிமிடம் வாங்கிக்கொள்ளுங்கள். நேர்ந்தது என்ன, எத்தனை ஆண்டுக்கு, இதுவரை எத்தனை முறை நிறைவேற்றினார், இப்போது ஏன் முடியவில்லை என்று நான்கையும் சொன்னால் போதும். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது) தான் சொல்ல வேண்டும் என்றில்லை. நடைப்பயணத்துக்குப் பதிலாக, அதற்குச் சமமான அல்லது மேலான நற்செயலை அம்மா தாமாகவே மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது (எண் 1197). அதைவிட எளியதாக மாற்றத்தான் பங்குத்தந்தை வேண்டும்.

அம்மா இரண்டைச் செய்யக் கூடாது. சொல்லாமல் நிறுத்திவிட்டு ஆண்டு முழுக்க நடுங்குவது ஒன்று. "இந்த வருடம் தவறியதற்கு அடுத்த வருடம் இரண்டு நடை" என்று நேர்ச்சைமேல் நேர்ச்சை போடுவது மற்றொன்று. முழங்காலுக்கு வட்டி கேட்கிற கடவுளை நற்செய்தியில் எங்கும் காணவில்லை.

கேள்வி: நான் பிறந்தபோதே என்னைக் கன்னியர் மடத்துக்கு நேர்ந்துவிட்டாராம் பாட்டி. எனக்கு 19 வயது. விருப்பமில்லை. மறுத்தால் பாவமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இல்லை. நேர்ச்சை, நேர்ந்தவரை மட்டுமே கட்டும் (எண் 1193). மடத்து வாசலிலும் இதே காவல் உண்டு. வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ ஏமாற்றாலோ கொடுத்த துறவற வார்த்தைப்பாடு (துறவியாக வாழ்வேன் என்ற வாக்கு) செல்லாது. தற்காலிக வார்த்தைப்பாட்டுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு 21 வயதும், அதற்குமுன் குறைந்தது மூன்றாண்டு தற்காலிக வார்த்தைப்பாடும் தேவை. "எனக்கே இது வேண்டுமா" என்று மடத்தில் சேர்பவள் பலமுறை தன்னைக் கேட்டுக்கொள்ளத்தான் இத்தனை காலம்.

பாட்டி பழைய ஏற்பாட்டில் வரும் அன்னாவையும் அவள் மகன் சாமுவேலையும் காட்டுவார். மகனை ஆலயத்தில் விட்டவள் அன்னாதான். ஆனால் இரவில் கடவுள் கூப்பிட்டபோது "பேசும், கேட்கிறேன்" என்றவன் சாமுவேல். அந்தப் பதிலைத் தாயால் அவனுக்காகச் சொல்ல முடியவில்லை. பழைய ஏற்பாட்டிலேயே, ஆளை நேர்ந்துவிட்டவர் வெள்ளி கட்டி மீட்கலாம் (லேவியர் 27): 20 முதல் 60 வயது வரை ஆணுக்கு 50 செக்கேல், பெண்ணுக்கு 30. அதுவும் கட்ட முடியாத ஏழைக்கு, அவர் சக்திக்கேற்ப குருவே தொகையைக் குறைப்பார். பாட்டி மனம் ஆறவில்லையென்றால் அவரைப் பங்குத்தந்தையிடம் அழைத்துப் போங்கள். மாற்ற வேண்டியது அவருடைய நேர்ச்சை.

கேள்வி: இயேசு ஒரே முறை பலியானார், அது போதும் என்று எபிரேயர் மடல் சொல்கிறதே. பிறகு நேர்ச்சை, ஒறுத்தல் எல்லாம் எதற்கு?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: போதும் என்பது சரி (எபி 10:10). நம்முடைய எதுவும் அந்தப் பலியோடு கூட்டிச் சேர்க்கும் பாக்கித்தொகை அல்ல. கலாத்தியர் 5-ஐத் திறந்து பாருங்கள். முதல் வசனம், கிறிஸ்து நம்மை விடுவித்தார், மறுபடி நுகத்தடிக்குள் போகாதீர்கள் என்கிறது. 13-ஆம் வசனம், அந்த விடுதலையை ஊனியல்புக்கு, அதாவது தன்னல ஆசைகளுக்கு, சாக்காக்காமல் அன்பினால் ஒருவருக்கொருவர் பணிசெய்யுங்கள் என்கிறது. விடுதலை பெற்றவர் மனமுவந்து கொடுப்பது காணிக்கை. "இதைக் கொடு, அதைத் தருகிறேன்" என்பது பேரம். திருத்தலங்களில் இரண்டும் ஒரே உண்டியலில்தான் விழுகின்றன.

கேள்வி: எனக்கு 63 வயது, சர்க்கரை நோய். பெரிய வெள்ளியன்று ஒருசந்தி இருக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: ஒருசந்திக் கடமை 18 நிறைந்தது முதல் 59 நிறையும் வரைதான். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய நாள்கள். ஒருசந்தி என்றால் ஒரு வேளை முழுச் சாப்பாடு, காலையும் மாலையும் சிறிது. சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) 14 நிறைந்தவர்களுக்கு. அதற்கு மேல்வரம்பு இல்லை, எனவே உங்களுக்கும் உண்டு. இறைச்சி கூடாது, முட்டை, பால், மீனுக்குத் தடையில்லை. (அதற்காக வஞ்சிரத்தைக் கிலோக் கணக்கில் வறுத்து அடுக்கினால் அது விருந்துதான்.) மாத்திரைக்கு முன் சாப்பிடுவது ஒருசந்தியை முறிப்பதாகுமோ என்று கவலைப்படாதீர்கள், உங்களுக்கு ஒருசந்தியே இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.