ஐந்து லட்சத்தில் ஒரு டேப்லெட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

பாம்பனில் படகுகளின் ஜிபிஎஸ், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். நானும் நண்பனும் சேர்ந்து ராஸ்பெரி பை கம்ப்யூட் மாட்யூல் 4 என்ற சின்னக் கணினிப் பலகையை வைத்து எட்டு இன்ச் டேப்லெட் ஒன்று செய்திருக்கிறோம். போர்டு நாங்களே வரைந்தது, உறை த்ரீடி பிரிண்டரில் அடித்தது. லினக்ஸ் ஓடுகிறது, படகில் வைத்துக் கடல் வரைபடம் பார்க்கலாம். ஓப்பன் ஹார்டுவேராக, அதாவது யாரும் பார்த்து, மாற்றி, செய்து விற்கும்படி டிசைனைத் திறந்து வெளியிட ஆசை. ஒன்றுக்குப் பாகங்கள் மட்டும் 19,000 ரூபாய் ஆகிறது. 22,000 விலை வைத்து, ஐந்து லட்சம் இலக்கோடு க்ரவுட்ஃபண்டிங் (இணையத்தில் பலரிடம் முன்பணம் திரட்டுவது) போகலாம் என்றிருக்கிறோம். இலக்கு சிறிதாக இருந்தால் சீக்கிரம் எட்டலாம் என்கிறான் நண்பன். சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் பெயரில் கிக்ஸ்டார்ட்டர் என்ற க்ரவுட்ஃபண்டிங் தளத்தில் போடலாமா? டிசைன் ஃபைல்களை இப்போதே வெளியிட்டால் காப்பி அடித்துவிட மாட்டார்களா?

எம்., பாம்பன்

அன்புள்ள எம்.,

நீங்கள் அனுப்பிய டேப்லெட் படங்களைப் பார்த்தேன். பேட்டரி கனெக்டரைக் கையால் கழற்றும்படி வைத்திருப்பது பழுது பார்க்கிறவருக்குத்தான் தோன்றும்.

சிறிய இலக்கு சீக்கிரம் எட்டும், சரி. எட்டிய பிறகு? 22,000 வீதம் 23 பேர் சேர்ந்தால் ஐந்து லட்சம் தாண்டிவிடும். அந்த 23 பேருக்கும் நீங்கள் செய்து கொடுத்தே ஆக வேண்டும். இலக்கை எட்டாவிட்டால் பணம் அவரவரிடமே இருக்கும், உங்களுக்குக் கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான். குறைத்துப் போட்ட இலக்கை எட்டுவதுதான் கையைக் கடிக்கும்.

வெளிமாநிலத்துக்கு ஒன்று விற்றாலே ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வரி சேர்த்த 22,000-இல் 18 சதவீத வரி போக நிற்பது 18,644. பாகங்களுக்கே 19,000. ஆக, முதல் டேப்லெட்டிலேயே நஷ்டம். நிதி திரட்டும் தளத்தின் கமிஷனும் கூரியரும் இன்னும் வரவில்லை.

ஒரு பேச்சுக்கு விலையை 32,000 ஆக்குங்கள். வரி போக 27,119. தளத்துக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் முழு விலையில் எட்டு சதவீதம், பாகங்கள், கூரியருக்கும் திரும்பி வருவதைச் சரிசெய்யவும் 1,500 என்று கழித்தால் ஒன்றுக்கு நாலாயிரம் மிஞ்சும். உறை வார்க்கும் அச்சு, சோதனைகள், பதிவுகள் என எத்தனை விற்றாலும் மாறாத செலவு எட்டு லட்சம் என்று வையுங்கள். அதை எடுக்க 200 டேப்லெட் விற்க வேண்டும். அப்போது இலக்கு 64 லட்சம். என் எட்டு லட்சம் தவறாக இருக்கலாம். உங்கள் கொட்டேஷனைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். ஐந்து லட்சத்தில் வந்து நிற்காது.

இதையெல்லாம் முடிவு செய்வது திரைதான். இப்போதைய திரை கடைக்குள் பளிச்சென்று இருக்கும், நடுக்கடலில் உச்சி வெயிலில் கறுப்புக் கண்ணாடி. வெயிலில் தெரிகிற திரைக்கு விலை கூடும், குறைந்தபட்ச ஆர்டரும் கேட்பார்கள். அந்த எண்ணிக்கை தெரியாமல் இலக்கு போட முடியாது. அதோடு ஈரக்கையும் உப்புத்துளியும் பட்டால் தொடுதிரை தன் இஷ்டத்துக்கு வேலை செய்யும். நான்கு பொத்தானாவது வையுங்கள். உறை பிஎல்ஏ பிளாஸ்டிக்கா? 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். வெயிலில் நிற்கும் வேனுக்குள் ஒரு மதியம் விட்டால் நெளிந்துவிடும். போர்டுக்கு மேல் பாதுகாப்புப் பூச்சு கட்டாயம். காரைக்குடியின் சிக்ரி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் துருச் சோதனை நிலையத்தை உங்கள் பக்கத்து ஊரான மண்டபத்தில் வைத்திருப்பது சும்மா இல்லை. உப்புக்காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன!

சட்டப்படி பார்த்தால், டேப்லெட், அடாப்டர் இரண்டுக்குமே இந்தியாவில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். அடாப்டரைப் பெட்டியில் போடாமலே விடலாம். பேட்டரி பேக்கை நீங்களே செல் வைத்துக் கட்டாதீர்கள். யுஎன் 38.3 என்ற லித்தியம் பேட்டரிப் பாதுகாப்புச் சோதனையின் அறிக்கையும் பிஐஎஸ் பதிவும் உள்ளதாக வாங்குங்கள். அந்த அறிக்கை இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

மச்சான் விஷயம் வேண்டாம். கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவிலிருந்து திட்டம் தொடங்க முடியாது, சிங்கப்பூரிலிருந்து முடியும், உண்மைதான். ஆனால் பணம் அவர் கணக்கில் விழும், வரியும் பொறுப்பும் அவர் தலையில். டேப்லெட் தாமதமானால் குடும்பத்தில் பேச்சு நின்றுபோகும். க்ரவுட் சப்ளை என்ற தளத்துக்கு எழுதிப் பாருங்கள். ஹார்டுவேர்தான் அவர்கள் வேலை. நோவெனா லேப்டாப் 2014-லும் எம்என்டி ரிஃபார்ம் 2020-லும் அங்கேதான் நிதி திரட்டின. இரண்டுமே ஓப்பன் ஹார்டுவேர்.

ஃபைல்களை இப்போதே வெளியிடுங்கள். 23 பேர் வாங்கும் பொருளைக் காப்பி அடிக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். 'வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று நிபந்தனை போட்டால் அது ஓப்பன் ஹார்டுவேர் ஆகாது. ஓப்பன் ஹார்டுவேருக்கென்றே செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் லைசென்ஸ் இருக்கிறது. மாற்றி விற்கிறவர்களும் தங்கள் ஃபைல்களைத் திறக்க வேண்டும் என்றால் அதன் 'எஸ்' வகையை எடுங்கள். கம்ப்யூட் மாட்யூல் உங்களுடையதல்ல, அதன் உள்வரைபடம் திறந்ததும் அல்ல. பிரசாரப் பக்கத்தில் அதை ஒளிக்காமல் எழுதுங்கள். அப்புறம், 2021, 2022-இல் அந்த மாட்யூல் கடைகளில் கிடைப்பதே அரிதாக இருந்தது. பணம் வந்ததும் முதலில் அதை வாங்கி வையுங்கள்.

நிதி திரட்டுவதற்கு முன்னால் பத்து டேப்லெட் செய்து தெரிந்தவர்களுக்கு அடக்க விலைக்குக் கொடுங்கள். ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், நாட்டுப்படகுகள் போய்வரும். நான்கைந்தை அவற்றில் ஏற்றிவிடுங்கள். ஜூன் கடைசியில் எது எப்படிக் கெட்டது என்று எழுதுங்கள், திரைக்கான கொட்டேஷனையும் சேர்த்து அனுப்புங்கள். இலக்குத் தொகையை அப்போது பேசலாம்.