1,800 றியாலில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?

தம்பி, அமெரிக்க வரியால் ஏறாவூர்ப் பக்கத்து ஆடைத்தொழிற்சாலையில் உங்கள் சம்பளம் குறையுமா, முகவர் சொல்லும் 1,800 றியாலுக்குக் கட்டார் வரலாமா, இங்கே சாப்பாடும் வெயிலும் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். சாப்பாடும் வெயிலும் இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

2021 மார்ச் முதல் இங்கே எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் அடிப்படைச் சம்பளம் 1,000 றியாலுக்குக் குறையக்கூடாது. கம்பனி தங்குமிடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 சேர்த்துக் கொடுக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், முகவர் பெரிதாகச் சொன்ன தொகை சட்டம் வைத்த மிகக் குறைந்த தொகைதான். ஓவர்டைமும் வேலை முடிந்து போகும்போது கிடைக்கும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும். லீவில் ஊருக்கு வரும் நம்மவர்கள் ஓவர்டைமையும் கூட்டித்தான் சம்பளம் சொல்வார்கள். அதை நம்பிக் கடன்பட்டு வந்தவர்களைப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது.

ஊர் வேலையிலும் கதை இதுதான். 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதம் என்று அறிவித்த வரியை அமெரிக்கா ஆகஸ்டில் 20 ஆக்கியது. வரியைக் கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளரே என்றாலும், அவர் உங்கள் கம்பனியிடம் விலையைக் குறைக்கச் சொல்வார், அல்லது ஓடரைக் குறைப்பார். சட்டம் வகுத்த குறைந்தபட்சச் சம்பளத்தில் முதலாளி கைவைக்க முடியாதபடியால், முதலில் ஓவர்டைமும் ஊக்கத்தொகையும் போகும். 2010இல் ஐரோப்பா இலங்கைக்குக் கொடுத்த ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற வரிச்சலுகையை நிறுத்தியபோது கட்டுநாயக்க ஆடைத்தொழிற்சாலையில் இருந்த என் தங்கைக்கு அதுதான் நடந்தது. சலுகை 2017இல் திரும்பி வரும்முன்பே அவள் களுவாஞ்சிகுடிக்குத் திரும்பிவிட்டாள்.

நான் 2009இல் வந்தேன். கொழும்பில் 1,200 றியால் என்று ஒப்பமிட்டேன். இங்கே இறங்கிய இரவில் அரபியில் இன்னொரு தாளை நீட்டினார்கள். அதில் கூரை போல ஒரு கோடும், அதன் அருகே இரண்டு புள்ளிகளும் இருந்தன. அது அரபு இலக்கத்தில் 800 என்று முதற்சம்பளம் கையில் வந்தபோதுதான் விளங்கியது. முதலாளியின் அனுமதிக் கடிதமின்றி வேறு கம்பனிக்கு மாற முடியாத காலம் அது. விட்டுப் போக முடியாதவனுக்கு யார் சம்பளத்தைக் கூட்டுவார்? 2020இல் அந்தத் தடை நீங்கியது, முறைப்படி அறிவித்தல் கொடுத்து மாறலாம். அதன்பிறகுதான் நான் வாய்திறந்து சம்பளம் பேசினேன்.

அந்த 800க்குப் பிறகு இரவிரவாக இருந்து அரபி வாசிக்கப் பழகினேன். ஒப்பமிடுமுன் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், அரபுப் பக்கத்தை நான் வாசித்துச் சொல்கிறேன்.