50 கிலோ சிமெண்ட் மூட்டையை இடுப்பு பிடிக்காமல் எப்படித் தூக்குவது?

முழங்காலை மடக்கித் தூக்கச் சொல்வார்கள். சரிதான், ஆனால் அது மட்டும் போதாது. மூட்டை உடம்பை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் முக்கியம். கையை நீட்டித் தூக்கினால் அதே எடை கீழ்முதுகைப் பல மடங்காக அழுத்தும், நெம்புகோல் கணக்குதான். வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

அப்புறம், எடை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ், எல்லாம் சாதகமாக இருந்தாலே 23 கிலோவைத்தான் வரம்பாக வைக்கிறது. எவ்வளவு முறையாகத் தூக்கினாலும் 50 கிலோ தனி ஆளுக்கு அதிகம். இரண்டு பேராகப் பிடியுங்கள், தள்ளுவண்டி வாங்கித் தரச் சொல்லி முதலாளியிடம் தயங்காமல் கேளுங்கள். மூட்டைகளைத் தரையில் போடாமல் இடுப்பு உயர மேடையில் இறக்கினால் குனிகிற வேலை குறையும். வலி காலுக்கு இறங்கினாலோ கால் மரத்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.