வன்னிக் குளங்களில் தனியே வள்ளம் விட்டு இரவு தங்கலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது, கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். அல்கொன்குயின் பூங்காவில் மூன்று முறை தனியாகக் கனூவில் போய், ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிறேன். அம்மாவின் ஊர் ஒட்டுசுட்டான். வரும் மாசியில் காற்றடைக்கும் கனூ ஒன்றைக் கொண்டுவந்து இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் மூன்றையும் நான்கு இரவுகளில் தனியாகச் சுற்ற ஆசை. அல்கொன்குயினில் செய்வதுபோல வள்ளத்தைத் தோளில் சுமந்து காட்டுப்பாதையால் குளத்துக்குக் குளம் போகலாமா?

பதில்: தம்பி, நீங்கள் கேட்டதில் மூன்று காரியம் இருக்கிறது. பகலில் தனியாக வள்ளம் விடுவது, இரவில் தனியாகக் கரையில் படுப்பது, வள்ளத்தைச் சுமந்து காட்டுக்குள்ளால் நடப்பது. முதலாவதற்கு மட்டும்தான் நான் ஓம் சொல்வேன்.

சுமப்பதில் இருந்து தொடங்குகிறேன். 1893இல் உருவான அல்கொன்குயினில் ஏரிக்கு ஏரி வெட்டிய பாதையும் மஞ்சள் பலகையும் உண்டு. எங்கள் குளங்கள் அப்படி அடுத்தடுத்துக் கிடப்பவை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆற்றை மறித்துக் கட்டியது. கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பிவிட்டுச் சுண்டிக்குளம் பக்கம் போகிறது. முத்தையன்கட்டுக்குப் பேராறு, வவுனிக்குளத்துக்குப் பாலியாறு. பாலியாறு மேற்குக் கடலுக்குப் போகிறது, மற்ற இரண்டும் கிழக்குப் பக்கம். இடையில் இருப்பது காடும் வயலும்தான்.

அந்தக் காட்டில் போர் முடிந்த 2009இல் இருந்து மிதிவெடி அகற்றுகிறார்கள், வேலை இன்னும் முடியவில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம் துப்புரவான இடம் என்று நினைக்கக் கூடாது. வெள்ளம் மண்ணோடு சேர்த்து வெடிபொருளையும் நகர்த்திவிடும். மிருகங்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை வசதியாகத் தெரியும். வேட்டைக்காரர் கட்டுத்துவக்கு என்ற பொறித் துப்பாக்கியை வைப்பதும் அந்தப் பாதையில்தான், கால் கம்பியில் பட்டால் அது வெடிக்கும். இன்னொன்றை வெளியில் இருந்து வருகிறவர்கள் யோசிப்பதே இல்லை: நெருப்பு. மண்ணுக்குள் பழைய எறிகணை கிடக்கிற இடத்தில் மேலே விறகு மூட்டினால் சூட்டில் அது வெடிக்கலாம். தெரியாத கரையில் தேநீருக்குக்கூட அடுப்பு மூட்டாதீர்கள்.

அதனால் மாங்குளத்தை மையமாக வையுங்கள். அங்கிருந்து கிழக்கே ஒட்டுசுட்டான் வீதி முத்தையன்கட்டுப் பக்கம் போகும், மேற்கே மல்லாவி வீதி வவுனிக்குளத்துப் பக்கம். வடக்கே ஏ-9 வீதியால் இரணைமடு. ஊரில் ஒரு லாண்ட்மாஸ்டரை, அதாவது பெட்டி பூட்டிய இருசக்கர உழவு இயந்திரத்தைப் பிடித்துப் பெட்டியில் வள்ளத்தைக் கட்டினால் ஒரு நாளைக்கு ஒரு குளம் என்று ஆறுதலாகப் பார்க்கலாம்.

இனி இரவு. குளத்துக்குக் கட்டுப்பக்கம், அலைகரைப்பக்கம் என்று இரண்டு முகம் உண்டு. கட்டுப்பக்கம் மனிதர்களுடையது: துருசு (நீர் திறக்கும் மடை), வான் (மிகைநீர் வழியும் இடம்), கோயில், வாய்க்கால், வயல். எதிர்ப்பக்கம், காட்டோடு சேரும் அலைகரை, பொழுதுபட்டால் யானையினுடையது. நீர் வற்ற வற்ற வெளிப்படும் சேற்றில் பச்சைப்புல் முளைக்கும். அதைத் தேடி மாலையில் கூட்டமாக இறங்கும். நீங்கள் கூடாரம் அடிக்க ஆசைப்படும் சமதரையும் அதே இடம்தான். அல்கொன்குயினில் கரடிக்குப் பயந்து சாப்பாட்டுப் பையை மரத்தில் தொங்கவிட்டால் போதும். யானைக்கு அப்படி ஒரு வித்தை எனக்குத் தெரியாது. யானைவெடி கொளுத்தி விரட்டுவது ஊர்க்காரர்கள் பலர் சேர்ந்து செய்கிற வேலை, ஒற்றை ஆளால் முடியாது.

நிலத்தில் படுப்பவரைத் தேடி வரும் இன்னொன்று கட்டுவிரியன் பாம்பு. இரவில்தான் கடிக்கும், பெரும்பாலும் நித்திரையில் இருப்பவரை. கடித்த இடம் நோகாது, வீங்காது, பல்லடையாளமும் தெரியாமல் போகலாம். விடிய வயிற்றுவலி, பிறகு இமை தூக்க முடியாமல் கண் சொருகும். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் அதைக் கவனித்து 1990 இலவச அம்புலன்ஸைக் கூப்பிட முடியும். தனியாகத் தங்க வேண்டாம் என்பதற்கு யானையைவிட இதைத்தான் நான் பெரிய காரணமாகச் சொல்வேன். மீனவர் வாடியிலோ, கட்டடியில் உள்ள வீட்டுத் திண்ணையிலோ, கட்டிலில், நுளம்புவலையைப் பாய்க்கடியில் செருகிவிட்டுப் படுங்கள். விடியப்புறம் நீர்க்காகம் எழும்பும் சத்தம் அங்கேயும் கேட்கும்.

சரி, இனி வள்ளம். காற்றடைக்கும் கனூவைக் கொண்டுவராதீர்கள். குளம் கட்டியபோது மூழ்கிய பாலை, வீரை அடிக்கட்டைகள் நீர்மட்டத்துக்கு நாலு விரல் கீழே நிற்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒருமுறை இரணைமடுவில் கச்சான் காற்றில் அவசரமாகத் திரும்பினேன். என் வள்ளம் ஒரு கட்டைமேல் ஏறி நடுவில் குந்திவிட்டது. அணியம் (முன்பக்கம்) ஒரு பக்கம் சுற்ற, கடையார் (பின்பக்கம்) மறுபக்கம் சரிய, கொஞ்ச நேரம் அசையாமல் இருந்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துத்தான் இறக்கினேன். அடியில் விரல் நீளத்துக்கு வெள்ளைக் கீறல் விழுந்திருந்தது. பைபர் என்பதால் கீறலோடு போயிற்று. ஊர் மீனவரிடம் சிறிய பைபர் தோணியை நாள்வாடகைக்குப் பேசுங்கள்.

இருவர் வள்ளத்தில் ஒருவர் போகும்போது கடையாரில் இருந்தால் அணியம் தூக்கிக்கொள்ளும். காற்று அந்தத் தூக்கிய மூக்கைப் பிடித்துத்தான் திருப்பும். நடுவுக்குச் சற்றுப் பின்னால் முழங்காலில் இருங்கள், இருபது லீற்றர் தண்ணீர்க்கானை அணியத்தில் கட்டுங்கள். இழுப்பு முடியும் இடத்தில் துடுப்பு இலையை வெளிப்பக்கம் மெல்லத் திருப்பித் தள்ளினால், பக்கம் மாற்றாமலே நேரே போகலாம். இது உங்களுக்குப் பழகியதுதான், ஆனால் பாரமான தோணியில் கை சீக்கிரம் களைக்கும். லைஃப் ஜக்கெட்டைக் கழற்றவே வேண்டாம். கனடாவில் ஆளை முடிப்பது குளிர்ந்த நீர். இங்கே நீர் வெதுவெதுப்பு, ஆனால் முதலை உண்டு. கையை நீரில் தொங்கவிடாதீர்கள், பொழுதுபடும் நேரம் கரையில் குந்திப் பாத்திரம் கழுவாதீர்கள்.

மாசி நல்ல தெரிவு. மாரிமழை விட்டுக் குளம் நிறைந்திருக்கும், காற்றும் சாந்தம். சித்திரையில் பின்நேர இடிமுழக்கம், வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று. மாரியில் வான்கதவு திறந்திருந்தால் கட்டுப்பக்கமே போக வேண்டாம். 2018 மார்கழி வெள்ளத்தை நேரில் பார்த்த எவரும் அந்த நீரின் இழுவையை மறக்க மாட்டார்கள். மாசியிலும் காலை ஆறுக்கு இறங்கிப் பத்துக்குள் கரையேறுங்கள், அதன்பின் வெயில்.

காலையில் இறங்கும்போது வலைகளைக் கவனியுங்கள். பழைய செருப்பை வெட்டிக் கோத்த மிதவைகள் வரிசையாக நிற்கும். அந்த வலையில் கிடக்கும் திலாப்பியாதான் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம். குறுக்கே போக வேண்டியிருந்தால் துடுப்பைத் தூக்கிவிட்டு வழுக்கிப் போங்கள், இல்லாவிட்டால் சுற்றிப் போங்கள். முதல்நாள் மாலையே நன்னீர் மீன்பிடிச் சங்கத்துக்குப் போய், யார் எங்கே வலை விட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அடிக்கட்டைகள் எங்கே நிற்கின்றன என்பதையும் அவர்கள்தான் சொல்லுவார்கள்.

அனுமதிக்கு நீர்ப்பாசனத் திணைக்கள அலுவலகத்தையும் கிராம அலுவலரையும் பாருங்கள். சுண்டிக்குளம் 2015இல் இருந்து தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் போக நினைத்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றி முதலே வைத்தியரிடம் பேசுங்கள்.

ரிக்கெற் போட்டதும் திகதியை எழுதுங்கள். அந்தக் கிழமை மூன்று குளத்திலும் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று விசாரித்து, எதில் முதலில் இறங்கலாம் என்று சொல்கிறேன்.