அதிகம் அழவைக்காத கொரியக் காதல் தொடர் ஒன்று சொல்ல முடியுமா?

கேள்வி: கொரியத் தொடர் எதுவும் இதுவரை பார்த்ததில்லை. சீக்கிரம் முடிகிற, மனதுக்கு லேசான, அழுகை குறைவான காதல் தொடர் ஒன்று சொல்லுங்கள்.

ஹோம்டவுன் சா-சா-சா. நெட்ஃப்ளிக்ஸில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் கடைசியில் டிவிஎன் சேனலில் தொடங்கி, சனி ஞாயிறு மட்டும் ஒளிபரப்பாகி, அக்டோபர் நடுவில் முடிந்துவிட்டது. மொத்தமே 16 பகுதிகள். வருஷக்கணக்கில் ஓடும் நம் சீரியல்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதுவே பெரிய நிம்மதி.

கதை பழசுதான். 2004-ல் வந்த ஒரு கொரியப் படத்தை விரித்து எடுத்திருக்கிறார்கள். யூன் ஹே-ஜின் (ஷின் மின்-ஆ) சியோலில் பல் மருத்துவர். தேவையில்லாத சிகிச்சையை நோயாளிகள் தலையில் கட்டச் சொல்லும் மேலாளரோடு சண்டை போட்டு வேலையை விடுகிறாள். இறந்துபோன அம்மாவின் பிறந்தநாளன்று, சின்ன வயதில் குடும்பத்தோடு போன கோங்ஜின் என்ற கடலோர ஊருக்குத் தனியாகப் போகிறாள். கரையில் கழற்றி வைத்த விலையுயர்ந்த செருப்பைக் கடல் கொண்டுபோகிறது. அன்று பார்த்து ஊரில் கார்டும் வேலை செய்யவில்லை, ஏடிஎம்மும் படுத்துவிட்டது. குடித்த காபிக்குக் கொடுக்கக் காசில்லை. அப்போது ஹாங் டூ-ஷிக் (கிம் சியோன்-ஹோ) வந்து, கணவாய் மீன் சுத்தம் செய்து சம்பாதித்துக்கொள் என்று அவளை உட்காரவைக்கிறான்.

இந்த டூ-ஷிக் ஊரில் எல்லா வேலையும் செய்பவன். வீட்டுத் தரகு, குழாய் ரிப்பேர், காபி போடுவது, மீன் வேலை, எதுவானாலும் கூப்பிட்டால் வருவான். எதற்கும் ஒரே கூலி: அந்த வருஷம் கொரிய அரசு நிர்ணயித்திருந்த குறைந்தபட்சக் கூலி, மணிக்கு 8,720 வோன். படித்ததோ நாட்டிலேயே பேர்போன சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் பொறியியல். இவன் ஏன் இங்கே இப்படி இருக்கிறான் என்பதை ஊரே பெரிய மர்மமாகப் பேசிக்கொள்கிறது. பாட்டிகளிடம்கூட ஒருமையில்தான் பேசுவான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நான் இதைச் சிபாரிசு செய்வது இவர்கள் காதலுக்காக மட்டும் இல்லை. காதல் அழகாகத்தான் இருக்கிறது. இரண்டு பேருக்கும் கன்னத்தில் குழி விழும், இயக்குநர் யூ ஜே-வோன் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறார். மழையில் கடற்கரையில் இருவரும் நனைந்து ஆடும் இடம் ஒன்று போதும். ஆனால் எனக்குப் பிடித்தது ஊரைக் காட்டிய விதம். கிராமம் என்றால் வெள்ளந்தி மனிதர்கள், பட்டணம் என்றால் பணப்பேய்கள் என்ற கணக்கு இதில் இல்லை. கோங்ஜின் நல்ல ஊர், ஆனால் வம்பு பிடித்த ஊர். பல் கிளினிக் வைக்க இங்கேயே குடிவந்துவிட்ட ஹே-ஜின், உடம்போடு ஒட்டிய உடை போட்டுக்கொண்டு காலையில் ஓடப் போனால் அது ஊர்ப் பேச்சாகிறது. ஊர்ப் பொதுக்கூடத்தில் மைக் ஆன் ஆகியிருப்பது தெரியாமல் இவள் போனில் எல்லோரையும் பற்றிப் புலம்பித் தள்ள, அது ஊர் முழுக்கக் கேட்கிறது. அதற்குப் பிறகு கிளினிக் திறந்தால் யார் வருவார்கள்? ஈ ஓட்டுகிறாள்.

ஜோ நாம்-சூக் என்று ஒரு பெண்மணி, சீன உணவகம் நடத்துகிறாள். யாரைப் பற்றி எந்தச் செய்தி கிடைத்தாலும் பத்து நிமிஷத்தில் ஊர் முழுக்கப் பரப்பிவிடுவாள். முதல் சில பகுதிகளில் பார்க்கவே எரிச்சலாக இருக்கும். அப்புறம் அவள் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று தெரிகிறது. அதற்காக அவளைப் புனிதராக்கிவிடவில்லை, அடுத்த பகுதியிலும் வம்பு பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். எழுத்தாளர் ஷின் ஹா-யூனிடம் நான் ரசிப்பது இந்த நிதானத்தைத்தான். உன் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற அதே ஆட்கள்தான் நீ காய்ச்சலில் படுத்தால் கதவைத் தட்டுவார்கள், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. யாரும் வசனமாக இதைச் சொல்வதில்லை. காதலர்கள் இருவரும் விஷயத்தை ஊருக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப் படும் பாட்டைப் பாருங்கள், அந்த ஊரில் அது நடக்கிற காரியமா?

வில்லன் யாரும் கிடையாது. ஹே-ஜினைக் கல்லூரிக் காலத்திலிருந்தே விரும்பும் ஒரு டிவி இயக்குநர் நடுவில் வருகிறார். அவரும் தங்கமான ஆள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யாரும் யார் காலையும் வாரவில்லை. மாமியார் கொடுமை, விஷம் வைப்பது, நினைவு தப்புவது எதுவும் இல்லை.

குறை என்றால், டூ-ஷிக்கின் கடந்த காலத்தை ரொம்ப நேரம் மூடி வைக்கிறார்கள். அவள் கேட்பதும் இவன் நழுவுவதும் திரும்பத் திரும்ப வரும். கடைசியில் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொட்டுகிறார்கள். அந்த இடங்களில் தொடர் கனமாகிவிடுகிறது. கம்-ரி பாட்டி என்று ஒருத்தி இருக்கிறாள், செலவுக்குப் பயந்து பல் வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறவள், கணவாய் மென்று தின்ன ஆசைப்படுகிறவள். கிம் யங்-ஓக் என்ற மூத்த நடிகை நடித்திருக்கிறார். 15-ஆம் பகுதியில் இந்தப் பாட்டி உங்களை அழவைப்பாள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

கோங்ஜின் என்று நிஜத்தில் ஓர் ஊர் இல்லை. தென்கொரியாவின் கிழக்குக் கரையில் உள்ள போஹாங்கில் எடுத்தார்கள். சோங்ஹா சந்தைதான் தொடரில் வரும் சந்தை. ஒளிபரப்பு நடக்கும்போதே கூட்டம் குவிந்து, படம் எடுத்த வீடுகளில் குடியிருப்பவர்களுக்குத் தொல்லையானதால், அங்கே போகாதீர்கள் என்று தயாரிப்புக் குழுவே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. வம்பு பேசும் கோங்ஜின்காரர்களே தேவலை.

ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வேண்டாம் என்றால் 2022-ல் எஸ்பிஎஸ் சேனலில் வந்த பிசினஸ் ப்ரொபோசல் பாருங்கள், 12 பகுதிதான். தோழிக்குப் பதிலாக வரன் பார்க்கும் சந்திப்புக்குப் போய், வந்தவனை விரட்டியடிக்க நினைக்கிற பெண், எதிரே உட்கார்ந்திருப்பது தன் கம்பெனி முதலாளி என்று தெரிந்து முழிக்கிறாள். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை, சிரித்துவிட்டுத் தூங்கப் போகலாம்.